பதினான்கு ஊசிகளும் ஒரு கையெழுத்தும்

ஆவணி 9, ஞாயிறு

கச்சான் காற்று விடுவதாயில்லை. காலையில் இரண்டு தரம் கூட்டியும் டிஸ்பென்சரி வாசலில் மணல். சோற்றில் மணல், தலையில் மணல், பல்லில் மணல்.

ஞாயிறு என்றால் ஊசி தீட்டும் நாள். பதினான்கு இருக்கின்றன. இருபத்திரண்டில் தொடங்கியது. குடாவுக்கு அக்கரைப் பட்டினத்திலிருந்து புதிது வந்து ஏழு மாதம். கேட்டால் "வரும்". கேளாவிட்டாலும் "வரும்".

தீட்டும் முறை, எனக்கே மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன். கல்லில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய். ஊசியின் சரிந்த முகம் முழுதாகக் கல்லில் படுக்க வேண்டும். முன்னுக்குத் தள்ளு, பின்னுக்கு இழுக்காதே. எட்டுத் தரம். பக்கங்களுக்கு இரண்டு இரண்டு. மெல்லிய கம்பி விட்டுத் துளையைத் துடை. பிறகு பஞ்சில் மெதுவாக இழுத்துப் பார். நார் ஒன்றும் பிடிக்காவிட்டால் நல்ல ஊசி. ஒரு நார் பிடித்தாலும் முனையில் கண்ணுக்குத் தெரியாத கொக்கி இருக்கிறது. அது உள்ளே போகும்போது சும்மா போகும், வெளியே வரும்போதுதான் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். திரும்பவும் கல். எல்லாம் சரி என்றால் அவி.

கல், தோப்பூர்ச் சலூன்காரர் தந்தது. சவரக்கத்தி தீட்டித் தீட்டி நடுவில் பள்ளம்.

பத்மாவுக்கு இது வராது. என்னைப் போல அவளும் நர்ஸ், நாலு வருடம் இதே டிஸ்பென்சரியில், இதே அறையில், பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். வராது. அவள் தீட்டினால் பத்தில் ஏழு கொக்கி. மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்கவும் பயம். அரத்தால் ஒரு கீறு, ஒரு தட்டு, அவ்வளவுதான். அவள் தட்டினால் கண்ணாடி விரலில். அதனால் குப்பி முழுக்க நான். பதிலுக்கு எனக்கு எழுத்து அவள். பட்டினத்துச் சுகாதாரக் கந்தோரிலிருந்து வரும் படிவம் எல்லாம் சிங்களம். எனக்கு அது சுருள் சுருளாகத் தெரியும், வேறொன்றும் தெரியாது. அவள் கந்தளாய்ப் பிள்ளை. அப்பா சீனி ஆலையில் வேலை செய்தவர். சிங்களப் பிள்ளைகளோடு கிளித்தட்டு மறித்து வளர்ந்தவள், தண்ணீர் மாதிரி வாசிப்பாள். "கூர் உனக்கு, எழுத்து எனக்கு" என்பாள்.

இன்றும் மூன்று படிவம். நான் தீட்டிக்கொண்டிருக்கும்போதே நீட்டினாள்.

"என்னடி இது?"

"மருந்து கேக்கிறது ஒண்டு, ஸ்பிரிட் கேக்கிறது ஒண்டு. மற்றது மாச வரவு."

"ஊசி கேட்டனியா?"

"அதுவும் இருக்கு. வையன் கையெழுத்தை, படகுக்கார ரஹீம் நானா வெளிக்கிடப் போறார்."

வைத்தேன். கையெல்லாம் எண்ணெய். மூன்றாவதில் கையெழுத்துக்குக் கீழே பெருவிரல் அப்படியே பதிந்துவிட்டது. "கைநாட்டு மிஸ்ஸி எண்டு நினைக்கப் போறாங்கள்" என்றேன். ப. சிரிக்கவில்லை. ஊதி ஊதிக் காயவைத்தாள். எண்ணெய் ஊதினால் காயுமா, விசரி.

மீன் இல்லை. பருப்பும் சொதியும்.

ஆவணி 11, செவ்வாய்

வெயில். காற்று கொஞ்சம் அடங்கல். இன்றைய வெட்டுக்காயங்கள்:

மட்டி பொறுக்கப் போன பெண், உள்ளங்கால். சேற்றுக்குள் காலால் தடவித்தான் தேடுவார்கள். வழவழப்பாகப் பட்டால் மட்டி, கூராகப் பட்டால் சிப்பி. கால் தலைக்குச் சொல்வதற்கு முன் வெட்டிவிடும்.

கூரைத் தகரம், முன்கை. ஷெல் விழுந்த வீட்டுத் தகரம்தான். கழற்றி வேறு வீட்டுக்குப் போடப் போனவர்.

பனை மட்டைக் கருக்கு, தொடை. வேலி அடைத்த காயம்.

திருக்கை முள், புறங்கை. ஐம்பது வயது மனிதர், குழந்தை மாதிரி அழுதார். பாவம், அது அப்படித்தான் கடுக்கும்.

பால்மா டின் மூடி, பெருவிரல்.

ஐந்து பேருக்கும், ஏற்புவலி வராமல், ஏற்பூசி. தகரக்காரர் "மிஸ்ஸி, தகரம் வெட்டினதை விட உங்கட ஊசிதான் நோகுது" என்றார். நோகும். ஒன்பதாம் நம்பர் ஊசி, எனக்கே தெரியும். பஞ்சை அழுத்தினேன்.

மகள் வதனிக்கு இந்தக் கிழமைச் சாமான்: பச்சைக் கண்ணாடித் துண்டு. சோடாப் போத்தல் உடைந்தது. கடல் எத்தனை வருடம் உருட்டியதோ, ஒரு விளிம்பும் இல்லை, கற்கண்டு மாதிரி. ரஹீம் நானாவிடம் கொடுத்தேன். மூதூர் ஆள். கடல் திறந்திருந்தால் கிழமையில் மூன்று நாலு தரம் படகில் அக்கரை போய் வருகிறவர். என் பிள்ளைக்கும் எனக்கும் தபால்காரர் அவர்தான்.

வழவழப்பானது மட்டும்தான் அனுப்பலாம். நேவிக்காரர் பொட்டலத்துக்குள் கையை விட்டுத் துழாவுவார்கள். கூராக ஏதும் பட்டால் நானாவுக்கு அடி. முதலில் ஒரு ஊரிச் சங்கு அனுப்பி வதனியின் விரல் வெட்டுப்பட்டு, அக்கா எனக்கு இரண்டு பக்கத்துக்கு ஏசி எழுதினா.

வதனிக்கு ஏழு வயது. அக்கரையில், உவர்மலையில் அக்கா வீட்டில். இங்கே பள்ளிக்கூடத்தில் அகதிச் சனம், படிப்பு இல்லை, அதனால் அங்கே விட்டேன். அவளின் அப்பா சவூதியில். பிள்ளையைப் பார்த்து ஐந்து மாதம். மூன்று மாதம் அக்கரை போகப் பாஸ் இல்லை, ஒரு மாதம் கடல் மூடல், ஒரு மாதம் இங்கே வயிற்றோட்டம். பொழுதுபட்டதும் குடாவுக்கு அந்தப் பக்கம் வெளிச்சங்கள் தெரியும். அதில் ஒன்று அவளுடையது என்று நினைத்துக்கொள்வது, வேறென்ன.

அவளுடைய கடிதம் நானா கையில் வந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கயிறு மாதிரித் தடிப்பு. "அம்மா கல்லுகள் பதினெட்டு சேந்திட்டுது. பென்சில் மொட்டை. பெரியம்மாவுக்கு நேரமில்லை. நீங்கள் சீவுற மாதிரி ஒருத்தருக்கும் ஏலாது. வந்து சீவித் தாங்கோ."

நான் பிளேட்டால் சீவுவேன். நீளமாக, முரல் மீன் மூக்கு மாதிரி. அழுத்தி அழுத்தி எழுதுவாள், ஆனாலும் முனை உடையாது.

வருகிறேன் கண்ணே. இடமாற்றம் கேட்டுச் சித்திரையில் எழுதினோம், நானும் ப.வும், ஒரே கடித உறையில். இரண்டு பேரையும் ஒன்றாக விடமாட்டார்களாம். ஒருத்தி போகலாம், மற்றவள் நிற்கச் சம்மதம் என்று எழுதித் தந்தால். "அப்பிடியெண்டால் ஒருத்தியும் வேண்டாம்" என்றாள் ப. "போனால் ரெண்டு பேரும்." கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். அவள்தான் முதலில் கையை நீட்டினாள்.

ஆவணி 13, வியாழன்

ப.வுக்குப் பல்வலி. கன்னம் வீங்கவில்லை, ஆனால் துடிக்கிறாள். கிராம்பு வைத்தேன். கேட்கவில்லை. இரண்டு நாள் பாஸ் உடனே வந்தது, அதிசயம். எனக்கு மூன்று மாதம் வராத பாஸ்.

வதனிக்குக் கொடுக்க ஒரு கல் கொடுத்தேன். ஈச்சிலம்பற்று நோயாளி ஒருத்தி வெருகல் ஆற்றில் எடுத்துத் தந்தது. கறுப்பு, முட்டை அளவு. கையில் வைத்தால் கை தானாக மூடும். இதுவரை அனுப்பியதிலெல்லாம் நல்லது.

"பிள்ளையின்ர கையில நீயே குடு. தலையைத் தடவிவிடு."

"ஓம்."

"அம்மா கெதியா வருவா எண்டு சொல்லு."

"ஓம் ஓம்."

படகில் ஏறி உட்கார்ந்து, "மலர், நீ நல்லா இருக்கோணும்" என்றாள். இரண்டு நாளைக்கு இவ்வளவு கதையா என்று சிரித்தேன். பல் நோகிறவளைச் சிரிக்க வைக்க வேண்டாமா.

தனிய ஐம்பத்திரண்டு பேர் பார்த்தேன். முதுகு விட்டுப்போச்சு.

ஆவணி 16, ஞாயிறு

ப. வரவில்லை. நேற்று வந்திருக்க வேண்டும். நேற்றுப் படகும் இல்லை, கடல் மூடல். ரேடியோவில் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால்தான் பயம்.

இறங்குதுறையில் பிடித்து வைத்திருப்பார்களோ. அவளின் அடையாள அட்டையில் விளிம்பு கிழிந்திருந்தது. ஒட்டு ஒட்டு என்று எத்தனை தரம் சொன்னேன்.

ஊசி தீட்டவில்லை. மனம் இல்லாமல் தீட்டினால் கொக்கிதான் வரும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினேன். அவள் நல்லபடி இருந்தால் ஒரு வெள்ளி விரதம் என்று நேர்ந்தேன்.

தலை வாரச் சீப்பைத் தேடினேன். பெரிய சீப்பு இல்லை. சரி, கொண்டு போயிருப்பாள். பேன் சீப்பும் இல்லை. இரண்டு நாள் பயணத்துக்குப் பேன் சீப்பு எதற்கு? நல்ல சீலை அலுமாரியில்தான் தொங்குகிறது. மழைச் செருப்பும் இருக்கிறது. பேன் சீப்பு இல்லை.

விசர் எண்ணம். அவளுக்குப் பேன், அவ்வளவுதான்.

ஆவணி 19, புதன்

காலையில் வெயில். பிறகு என்ன என்று ஞாபகம் இல்லை.

பத்து மணிக்கு நானா வந்தார். "தங்கச்சி, ஒரு கடதாசி இரிக்கி" என்றார். முகம் பார்க்கவில்லை. "பத்மா மிஸ்ஸியக் கண்டனீங்களா நானா?" என்று கேட்டேன். "ஓம். நல்லாத்தான் இரிக்கிறா. கடதாசியப் படிங்க" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

அக்காவின் எழுத்து. இங்கே அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு நானே நம்பாமல் போய்விடுவேன்.

"தங்கச்சி, நீ இப்பிடிச் செய்வாய் எண்டு நான் நினைக்கேல்லை. உன்ர ட்ரான்ஸ்பர் என்னாச்செண்டு கேக்க கந்தோருக்குப் போனனான். உன்ர பேர் இல்லையாம். பத்மாவுக்குக் குடுத்திட்டினமாம், பட்டினத்திலயே. ஏன் எண்டு கேட்டன். கிளாக்கர் கடதாசியை எடுத்துக் காட்டினார். அவ போக எனக்குச் சம்மதம், ரெண்டு பேரின்ர வேலையையும் நான் பாக்கிறன், எனக்கு இடமாற்றம் வேண்டாம் எண்டு நீ எழுதிக் குடுத்திருக்கிறியாம். கள்ளக் கையெழுத்தாக்கும் எண்டு உத்துப் பாத்தன். உன்ர கையெழுத்துத்தான். கீழ எண்ணெயில பெருவிரலும் இருக்கு. வெள்ளிக்கிழமை பத்மா இங்க வந்தவ. பிள்ளைக்கு ஒரு கல்லுக் குடுத்தவ. உன்னை அங்க சனம் விடுகுதில்லையாம், நீயும் நிக்க விரும்புறியாம். பிள்ளை கேட்டுக்கொண்டு நிண்டது. பிறகு சோறு தின்னேல்லை. உனக்கு ஊர்ப்பிள்ளையள்தான் பெரிசெண்டால் எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம்."

எண்ணெயில் பெருவிரல்.

மாச வரவாம். வாய் கூசாமல் சொன்னாளே. பக்கத்தில் நின்று ஊதிக் காயவைத்தாளே.

ஆவணி 20, வியாழன்

கோதாரியில் போவாள். நாசமாய்ப் போவாள். நன்றி கெட்டவள். நாலு வருடம் என்ன செய்யவில்லை அவளுக்கு. மலேரியாவில் கிடந்தபோது கஞ்சி ஊட்டினேன். அவள் வெட்டிக்கொண்ட விரலெல்லாம் நான்தான் கட்டினேன். ஒரு குப்பி, ஒரே ஒரு குப்பி அவளை உடைக்க விட்டிருக்கக் கூடாதா நான்? நான் விரல் வெட்டுப்படாமல் பார்த்தேன். அவள் என் கழுத்தை அறுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

அவளுக்குக் கற்பூரம் வேறு கொளுத்தினேன். விரதமும் நேர்ந்தேன். நல்லபடி இருக்கிறாளாம், பட்டினத்தில். நான் இனி அந்த விரதத்தைப் பிடிக்க வேண்டுமா? பிள்ளையார்தான் சொல்ல வேண்டும்.

பல்வலியும் பொய். கிராம்பு வீணாய்ப் போச்சு.

பெனிசிலின் ஏழு பேர். தீட்டாத ஊசி. மூன்று வயதுப் பெண் பிள்ளை, வெளியே இழுக்கும்போது கொக்கி பிடித்தது. கத்திய கத்து கடற்கரைக்குக் கேட்டிருக்கும். தாய் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் யாரைப் பார்க்க?

அவளுடைய நல்ல சீலையை எடுத்து வெளியே எறிந்தேன். காற்று அதைத் தாழம்பற்றைக்கு மேல் போட்டது. பத்து நிமிடம் கழித்துப் போய் எடுத்தேன். தாழை முள்ளில் கிழிந்துவிட்டது. எனக்கும் முழங்கை முழுக்கக் கீறல். ஆளே போய்விட்டாள், அவளுடைய சீலைக்காக நான் இரத்தம் சிந்தினேன், சிரிப்புத்தான் வருகிறது.

ஆவணி 22, சனி

காற்று திரும்பவும். நானா வந்தார். இம்முறை தேத்தண்ணி குடித்தார்.

"தங்கச்சி, அக்கா எனக்கும் சென்னவ. வாசிக்கத் தெரியாத கடதாசில கையெழுத்து வாங்கினதெண்டா அது செல்லாது. நீங்க ஒரு பெட்டிசம் எழுதுங்க. கந்தோருக்கு நானே கொண்டு குடுக்கிறன்."

"எழுதினால் அவளைத் திருப்பி இங்க அனுப்புவினமா?"

"அனுப்பலாம். ஒங்கள விடலாம். இல்லாட்டி ரெண்டு பேரையும் புடிச்சு இஞ்சயே வைக்கலாம். ஆருக்குத் தெரியும்?"

பின்னேரம் எழுதினேன். மூன்று தரம் கிழித்து, நாலாம் தரம் சரி. தமிழில்தான். இதைச் சிங்களத்தில் எழுதத் தெரிந்தவள் எனக்கு ஒருத்திதான், அவளிடம் கேட்க முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதினேன்: ஞாயிற்றுக்கிழமை, ஊசி, எண்ணெய், மூன்று படிவம், அவள் சொன்னது, என் பிள்ளை. கடைசியில் கையெழுத்து. வைப்பதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன்.

அடுத்த படகில் கொடுக்க வேண்டும். மடித்து இந்தக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன்.

ஆவணி 25, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது.

நானா படகிலிருந்து ஒரு றாத்தல் பேக்கரிப் பாண் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "பத்மா மிஸ்ஸி தந்தவ. ஒங்களுக்குப் பாண் ஆசையாம்." தொடமாட்டேன் என்றேன். நாய்க்குப் போடுங்கள் என்றேன். "பாண் என்ன பாவம் செஞ்சது தங்கச்சி" என்று அவரே பிய்த்தார். பிய்த்த கை நின்றது.

நடுவில் குடைந்து, பொலித்தீனில் சுற்றி, ஊசிகள். புதியவை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கடதாசி உறையில். நாற்பது.

நானாவின் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அல்லாவே. நேவிக்காரன் இதைக் கையில எடுத்து அமத்திப் பாத்தவன் தங்கச்சி. மெதுவா இரிக்கி எண்டு திருப்பித் தந்தவன். ஒரு ஊசி அவன்ட கையில குத்தியிருந்தா, நான் இப்ப ஒங்களுக்கு முன்னால இரிப்பனா? எனக்கு நாலு புள்ள."

"உங்களிட்ட அவள் சொல்லேல்லையா?"

"பாண் எண்டுதான் சென்னவ. கேட்டிருந்தா ஓமெண்டுதான் சென்னிருப்பன், சின்னப் புள்ளையளுக்குத்தானே. கேக்காமச் செஞ்சா பாருங்க. அதுதான்."

அதுதான். அவள் அப்படித்தான்.

பொலித்தீனுக்குள் துண்டும் இருந்தது. "மலர், வாசிக்காமல் கிழிக்காதை. அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாமல் வருது. பட்டினத்துக்குக் கூட்டிவந்து வச்சிருக்கிறன், பாக்க ஒருத்தரும் இல்லை. உன்னட்டக் கேட்டிருந்தால் நீ விட்டுத் தந்திருப்பாய். அதுதான் கேக்கேல்லை. வாழ்நாள் முழுக்க அந்த நன்றியோட என்னால இருக்க ஏலாது. ஊசி மாமாவின்ர மருந்துக்கடையில எடுத்தது. நான் இங்க நிக்கும் வரைக்கும் மாசா மாசம் அனுப்புவன். ப."

நான் இங்க நிக்கும் வரைக்கும். நன்றாக விளங்குகிறது. பெட்டிசம் போனால் அவள் இங்கே, ஊசி இல்லை. பெட்டிசம் போகாவிட்டால் அவள் அங்கே, ஊசி வரும். என் வாய்க்கு நாற்பது ஊசியில் ஒரு பூட்டு.

கேட்டிருந்தால் விட்டுக் கொடுத்திருப்பேனா? தெரியாது. ஒருவேளை இரண்டு நாள் சண்டை பிடித்து, மூன்றாம் நாள் ஓமென்றிருப்பேன். அந்த ஓமை அவள் எனக்குத் தரவில்லை. களவாக எடுத்துக்கொண்டாள். தாயைச் சொன்னதும் மனம் இளகப் பார்க்கிறது. இளகாதே மலர்.

ஒன்றை உறையிலிருந்து எடுத்துப் பஞ்சில் இழுத்தேன். ஒரு நாரும் இல்லை. திரும்பவும் இழுத்தேன். கொக்கி இருக்க வேண்டும் என்றுதான் இழுத்தேன். இல்லை. நான் பதினைந்து நிமிடம் தீட்டினாலும் இப்படி வராது.

நானாவிடம் பெட்டிசம் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆவணி 27, வியாழன்

தடுப்பூசி நாள். மேகம், மழை இல்லை. பதினாறு பிள்ளைகள்.

புது ஊசி. தூக்கி எறிய வேண்டும் என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன். எறியவில்லை. யாருடைய ஊசி என்று பிள்ளையின் கைக்குத் தெரியுமா.

முதல் வந்தது போன வியாழன் கத்திய அதே மூன்று வயது. என்னைக் கண்டதும் தாயின் சீலைக்குள் தலையை நுழைத்தாள். தாயும் கண்ணை மூடிக்கொண்டாள். போட்டேன். எடுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை தலையை வெளியே நீட்டி, "எப்ப குத்துவா?" என்று கேட்டது.

"முடிஞ்சுது குஞ்சு."

"பொய்."

இரத்தப் பொட்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள். பதினாறில் இரண்டு பேர்தான் அழுதார்கள், அதுவும் என் முகத்தைப் பார்த்து. வெளியே ஒருத்தி மற்றவளுக்குச் சொல்வது கேட்டது: "மலர் மிஸ்ஸிக்கு இப்ப கை நல்லா வந்திட்டுது. மற்றவ போனதும் நல்லதுக்குத்தான்."



குசினிக்குள் போய் அழுதேன். ஐந்து நிமிடம். பிறகு முகம் கழுவி, அடுத்த ஆள்.

ஆவணி 28, வெள்ளி

விரதம் பிடித்தேன். நேர்ந்தது நேர்ந்ததுதான். நல்லபடி இருக்க வேண்டும் என்று கேட்டேன், இருக்கிறாள், பிள்ளையார் தன் வேலையைச் செய்தார்.

முடிவு எடுத்தாயிற்று. பெட்டிசம் இல்லை. பதினாறு பிள்ளைகள் ஒரு பக்கம், வதனி ஒரு பக்கம். வதனிக்கு அக்கா இருக்கிறா, பள்ளிக்கூடம் இருக்கிறது, தலைக்கு மேலே ஓடு இருக்கிறது. என் பிள்ளை வளர்ந்து கேட்டால் சொல்வேன், விளங்கிக்கொள்ளும். அவளிடம் என்னுடைய இடம் என்னுடையதுதான், அது எங்கேயும் போகாது. இன்னும் ஒரு வருடம்.

பத்மாவை மன்னிக்கவில்லை. அது வேறு.

பழைய பதினான்கையும் துடைத்து, துணியில் சுற்றி, கல்லோடு சேர்த்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கை வெறுமையாக இருந்தது.

வதனிக்கு: மஞ்சாடி விதை, ஒரு பிடி. சிவப்பு, மினுக்கம். நாளைப் படகில்.

ஆவணி 29, சனி

மழை வரும் போலிருந்தது. வரவில்லை.

நானா ஒன்பதுக்கே வந்துவிட்டார். வதனியின் கடிதம். வாசிப்பதற்கு முன்பே ஏதோ ஒன்று பிடிபடவில்லை. பிறகுதான் கண்டேன். எழுத்து மெல்லிசு. தலைமயிர் மாதிரி, ஒவ்வொரு சுழியும் தனித்தனியாக, அழகாக. பென்சில் சீவியிருக்கிறது. நீளமாகச் சீவினால்தான் இப்படி வரும்.

"அம்மா, பத்மா அன்ரி ஒவ்வொரு நாளும் வாறவ. பள்ளிக்கூடத்தால அவதான் கூட்டி வாறவ. அன்ரியிட்டப் பேன் சீப்பு இருக்கு. எனக்கு ஒரு பேனும் இல்லை இப்ப. அன்ரி பென்சில் சீவித் தந்தவ. பிளேட்டால. நீங்கள் சீவுற மாதிரியே. நாலு தரம் கை வெட்டிப் போச்சு, அண்டைக்கு இரத்தம், ஆனா நிப்பாட்டேல்லை. இப்ப நல்லா வருது. நீங்கள் வர ஏலாதெண்டு அன்ரி சொன்னவ. பறவாயில்லை அம்மா. நீங்கள் அங்க இருங்கோ. எனக்கு அன்ரி இருக்கிறா. கல்லு இனி அனுப்ப வேண்டாம், வைக்க இடமில்லை."

இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் "பறவாயில்லை அம்மா" என்ற இடத்தில் நிறுத்தினேன்.

நாலு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தாள், வராது என்று எழுதி வைத்திருக்கிறேன் நான். இந்தக் கொப்பியிலேயே இருக்கிறது. பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஊசியில் குழந்தைகள் அழாததற்காக என் இடமாற்றத்தை விட்டேன். அது என்னுடையது, விடலாம். என் பிள்ளையிடம் எனக்குள்ள இந்த இடத்தை விட முடியாது. நல்லவளாக இருக்க எனக்கு ஏலாது. பதினாறு பிள்ளைகளும் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காவிட்டாலும் சரி.

வெளியே வந்தபோது நானா படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். முழங்கால் தண்ணீரில் ஓடினேன். காலில் சிப்பி வெட்டியது, பிறகுதான் தெரிந்தது. பெட்டிசத்தை அவரின் சட்டைப் பைக்குள் நானே வைத்தேன். மஞ்சாடியைக் கொடுக்கவில்லை.

"யோசிச்சுத்தானே தங்கச்சி?"

"ஓம்."

"அவ இனி ஊசி அனுப்ப மாட்டா."

"தெரியும் நானா. போங்கோ."

உள்ளே வந்து காலைக் கட்டினேன். எனக்கே ஏற்பூசி போட்டேன். நோகவில்லை. புது ஊசி இன்னும் இருபத்து மூன்று. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து துணிப் பொட்டலத்தை இறக்கினேன். கல்லில் இரண்டு சொட்டு எண்ணெய். முதலாம் நம்பரிலிருந்து தொடங்கினேன், பஞ்சு நார் பிடித்தது, திரும்பவும் கல்.